நூலக மாடியில் ஒரு ரவுட்டர் வகுப்பு

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸ்ருக்குப் பிறகு, எங்கள் மஹல்லா நூலகத்தின் மாடியில் ஒன்பது பிள்ளைகள் பாயில் அமர்ந்திருந்தார்கள். அனைவரும் அவ்வாண்டுதான் கல்லூரியில் காலடி வைத்தவர்கள். சிலர் பி.சி.ஏ., சிலர் பி.எஸ்ஸி. கணினி அறிவியல், ஒருவர் மட்டும் பி.காம். வலைப்பின்னலைப் பற்றிப் பாடத்தில் என்ன படித்தீர்கள் என்று கேட்டோம். 1984இல் வெளிவந்த ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளையும் கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் தடங்கலின்றி ஒப்பித்தார்கள். மாஷா அல்லாஹ் என்றோம். பிறகு ஒரு முழம் நீல நிறக் கேபிளையும், ஆர்.ஜே.45 என்ற அந்தச் சிறிய கண்ணாடி பிளக்கையும் பாயின் நடுவே வைத்து, இதனை இதனோடு இணைத்துத் தாருங்கள் என்றோம். ஒருவருடைய கையும் நீளவில்லை.

அவர்களைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அவர்கள் பயிலும் கல்லூரிகளுள் ஒன்றில் பத்து கிரிம்பிங் டூல்கள் இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் அவை மேசைக்கு வரும். மற்ற நாள்களில் பீரோவில் உறங்கும்.

நாங்கள் என்று எழுதுவது மூவரை. ஒருவர் தம்மாமிலும் ஜுபைலிலுமாகப் பதினெட்டு ஆண்டுகள் கேபிள் இழுத்துவிட்டு ஊர் திரும்பியவர். மற்றொருவர் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர். மூன்றாமவர் அவருடைய துணைவியார், பள்ளிக் கணினி ஆசிரியை. பெண்பிள்ளைகளுக்கான சனிக்கிழமை வகுப்பை அவரே தம் வீட்டு முற்றத்தில் நடத்துகிறார். இதனை மூவரும் கலந்து பேசியே எழுதுகிறோம். மூவருக்கும் ஒத்துவராத இடங்கள் சில உண்டு, அவற்றை மறைக்கவில்லை.

வகுப்பைத் தொடங்கியதற்குக் காரணம் மிக எளியது. எங்களுடையது இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர். தெருவுக்குத் தெரு, வீட்டுத் தலைவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பார். இணையம் நின்றுபோனால் அந்த வீட்டுக்கு அது வெறும் பொழுதுபோக்கின் இழப்பன்று. வாப்பாவின் குரலே நின்றுபோகிறது. புகார் கொடுத்தால் ஆள் வர இரண்டு நாளாகும். வருபவர் அறிமுகமில்லாத ஆண்; வீட்டில் இருப்பதோ பெண்களும் முதியவர்களும். எதிர்வீட்டுப் பெரியவரை அழைத்து உட்காரவைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். வந்தவர் ஒரு கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். அதே வீட்டில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளை சுவரில் சாய்ந்து அதனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இந்தக் காட்சியை நாங்கள் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

முதல் மூன்று வாரங்களும் கேபிளுக்கே போயின. நான்கு இணைகளாக முறுக்கப்பட்ட எட்டுக் கம்பிகள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்பது டி568பி என்னும் வரிசை. இதனை மனனம் செய்ய ஐந்து நிமிடம் போதும். மேலுறையை உரிக்கும்போது உள்ளே கம்பியில் கீறல் விழாமல் உரிக்கவும், முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல் எட்டையும் நேராக்கி ஒரே மட்டத்தில் நறுக்கவும், பிளக்கின் முனைவரை அவை போய்ச் சேர்ந்தனவா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவும் கை பழக வேண்டும். முதல் நாளில் டெஸ்டரின் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தது ஒரே ஒருவருக்கு. அவர் அந்த பி.காம். மாணவர். அவருடைய உம்மா தையல் வேலை செய்பவர் என்றும், ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தே வளர்ந்ததாகவும் பின்னர் சொன்னார்.

கேபிளில் நாங்கள் மிகவும் விரும்பி நடத்தும் பாடம் ஒன்று உண்டு. பழுப்புக் கம்பியொன்றை வேண்டுமென்றே உள்ளுக்குள் முறித்து ஒரு கேபிளைச் செய்து வைத்திருக்கிறோம். அதனை மடிக்கணினியில் மாட்டினால் இணையம் வரும், காணொளியும் ஓடும். சரியான கேபிள்தானே என்று பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். இணைப்பின் வேகத்தைப் பாருங்கள் என்போம். 1000 மெகாபிட் இருக்க வேண்டிய இடத்தில் 100 என்றிருக்கும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு இணைகளே போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலமோ பழுப்போ அறுந்தால் பெரும்பாலான கருவிகள் ஓசையின்றிக் கீழிறங்கிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, "கம்பெனிக்காரன் ஏமாத்துறான்" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த வீடு ஒன்றை எங்கள் பிள்ளைகள் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். குற்றம் கம்பெனியினுடையதன்று. வீட்டுக்குள் இழுத்த கேபிள் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுச் சரக்கு. வளைத்த இடத்தில் ஒரு கம்பி முறிந்திருந்தது.

எப்படிக் கற்பிப்பது என்பதில்தான் எங்களுக்குள் முதல் கருத்து வேறுபாடு எழுந்தது. முதலில் செய்து காட்ட வேண்டும், பிறகே அவர்கள் தொட வேண்டும் என்றார் ஆய்வகத்துக்காரர். சவூதியில் தமக்கு யாரும் எதையும் செய்து காட்டவில்லை, கெடுத்துத்தான் கற்றோம் என்றார் மற்றவர். வாதம் முடிவதற்குள் பிள்ளைகளே அதனைத் தீர்த்துவைத்தார்கள். ஒரு மாணவர் தம் வீட்டுப் பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து, நூலகத்தின் ஸ்விட்சில் மாட்டிவிட்டார். சற்று நேரத்தில் புதிதாக இணைந்த கைப்பேசி எதிலும் இணையம் இல்லை. வைஃபை முழு அளவில் காட்டுகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. கீழே நாளிதழ் வாசிக்கும் பெரியவர்களிடமிருந்து சத்தம் வந்தது. நூலகர் மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "என்னப்பா பண்ணுறீங்க மேலே?" என்றார்.

நாங்கள் எதையும் தொடவில்லை. என்ன நடந்தது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டோம். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. கைப்பேசி ஒன்றின் முகவரி 192.168.1 என்று தொடங்குகிறது, மற்றொன்றினுடையது 192.168.0 என்று தொடங்குகிறது என்பதை ஒருவர் கவனித்தார். ஒரே கூடத்தில் இரண்டு வகை முகவரி எப்படி? முகவரி கொடுப்பவர் இருவர் இருந்தால்தானே? அவ்வளவுதான், எல்லோருடைய பார்வையும் அந்தப் பழைய ரவுட்டரின் மேல் விழுந்தது. டி.எச்.சி.பி. என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. திருமண வீட்டில் பந்திக்கு இடம் காட்ட இருவர் நின்று, ஒருவர் உள்ளே கைகாட்ட மற்றவர் மூடிய கதவைக் காட்டியது போல என்று ஒரு மாணவர் சொன்னார். அதைவிட நல்ல விளக்கம் எங்களிடம் இல்லை.

அன்று முதல் கெடுப்பதே பாடமாயிற்று. ஒரு கேபிளின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் மாட்டச் சொல்வோம். ஒரே செய்தி வெளியேற வழியின்றிச் சுற்றிச் சுற்றிப் பெருகி, எல்லா விளக்குகளும் ஒன்றாகத் துடிக்கும். முழு வலைப்பின்னலும் மூச்சுத் திணறி நிற்கும். கேபிளைப் பிடுங்கியதும் சரியாகிவிடும். டி.என்.எஸ். எண்ணைத் தவறாக எழுதி வைப்போம், 8.8.8.8க்கு பிங் போகும், ஆனால் எந்தத் தளமும் பெயரைச் சொன்னால் திறக்காது. டி.எச்.சி.பி.யை நிறுத்திவைப்போம், விண்டோஸ் மடிக்கணினி தனக்குத் தானே 169.254 என்று ஒரு முகவரியைச் சூட்டிக்கொள்ளும். இவற்றையெல்லாம் பார்த்த பிள்ளை, இணையம் வரவில்லை என்றதும் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடாது. விளக்கைப் பார்க்கும், கேபிளைப் பார்க்கும், முகவரியைப் பார்க்கும், ரவுட்டருக்கு பிங் அனுப்பும், பிறகு வெளியே அனுப்பும், கடைசியாகப் பெயரைப் பார்க்கும்.

ஆறாவது வாரத்திலிருந்து வீடுகளுக்குப் போகத் தொடங்கினோம். முதலில் அவரவர் வீடு, பிறகு உறவினர் வீடு. புத்தகத்தில் இல்லாத பாடங்கள் அங்கேதான் இருந்தன. பழைய வீடுகளின் சுவர் ஒன்றரை அடி கனம். முன்கட்டில் வைத்த ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டாம் கட்டைத் தாண்டாது; 2.4 தட்டுத் தடுமாறிப் போகும். நாங்கள் போன வீடுகளில் பெரும்பாலானவற்றில் ரவுட்டர் கண்ணாடி ஷோகேசுக்குள், துபாய்ப் பூச்சாடிகளுக்கு நடுவே, குரோஷாவில் பின்னிய துணியைப் போர்த்திக்கொண்டு சூட்டில் வெந்துகொண்டிருந்தது. துணியை எடுக்கச் சொல்வது கேபிள் இழுப்பதைவிடக் கடினமான வேலை. அந்தத் துணியைப் பின்னியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

இனி, இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான நிகழ்ச்சிக்கு வருகிறோம்.

எங்கள் மாணவர்களுள் கைத்திறன் மிக்க ஒருவர் இருந்தார். அவருடைய தெருவில் ஒரு வீடு. கணவர் குவைத்தில். வீட்டில் மனைவி, பள்ளி இறுதியில் படிக்கும் மகள், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியார். வீட்டில் நான்கு கேமராக்கள். வாசல், தெரு, கிணற்றடி, கூடம். கூடத்துக் கேமரா எதற்கென்றால், கட்டிலில் கிடக்கும் தம் உம்மாவை மகன் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். ஆனால் கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் டி.வி.ஆர். வீட்டுக்குள் மட்டுமே தெரிந்தது. கடைக்காரர் வருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தத் தம்பி போனார். ஒரு மணி நேரத்தில் குவைத்தில் படம் தெரிந்தது. அந்த மகன் தொலைபேசியில் அழுதுவிட்டாராம். மாமி பிரியாணி அனுப்பினார். நாங்களும் வகுப்பில் அவரை எழுப்பி நிறுத்திப் பாராட்டினோம்.

அவர் செய்தது இதுதான். நாட்டில் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தே கொடுக்கின்றன. அவ்வீடுகளை வெளியிலிருந்து நேராக எட்ட முடியாது. இந்த வீட்டுக்காரர் கூடுதல் கட்டணம் கட்டித் தனி முகவரி வாங்கி வைத்திருந்தார். தம்பி ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து, வெளியிலிருந்து வருவதை நேராக டி.வி.ஆருக்குத் திருப்பிவிட்டார். இதனை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள். ஐந்தாம் வாரப் பாடம் அது. கருவிகளோடு வரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்பது எட்டாம் வாரப் பாடம். அது வாயால் சொல்லும் பாடம், கையால் செய்ய அதில் ஒன்றும் இல்லை என்று நாங்களே பின்னுக்குத் தள்ளியிருந்தோம். டி.வி.ஆரின் பயனர் பெயர் அட்மின். கடவுச்சொல்லும் அட்மின். கடைக்காரர் விட்டுச் சென்றபடியே இருந்தது.

நாற்பத்தோரு நாள்கள் கழித்து, டி.வி.ஆர். அடிக்கடி திணறுகிறது என்று தம்பி வந்து சொன்னார். எங்களில் ஒருவர் அவரோடு போய் அதன் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். குவைத் முகவரியிலிருந்து உள்நுழைந்த குறிப்புகளுக்கு இடையிடையே, வேறு வேறு முகவரிகளிலிருந்து நுழைந்த குறிப்புகள். தோல்வியடைந்த முயற்சிகளும் இருந்தன, வெற்றியடைந்தவையும் இருந்தன.

யாரோ அந்த வீட்டைக் குறிவைத்தார்கள் என்று பொருளன்று. திறந்த போர்ட்டுகளைத் தேடித் தானே அலையும் நிரல்கள் இருபத்து நான்கு மணி நேரமும் உலகத்தின் எல்லா முகவரிகளையும் தட்டிக்கொண்டே இருக்கின்றன. பழைய ஐ.பி.வி.4 முறையில் முகவரிகள் சுமார் 429 கோடிதான். இன்றைய கணினிகளுக்கு அது பெரிய எண் அன்று. 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படித்தான் பரவியது. ஆலையிலிருந்து வந்த கடவுச்சொற்கள் சில பத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தே உலகெங்கும் கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றையெல்லாம் ஒன்றாக ஏவி டைன் என்ற நிறுவனத்தைத் தாக்க, டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்குத் திறக்காமல் போயின. இது எங்களுக்குத் தெரியாத செய்தியன்று. தெரிந்தும் எட்டாம் வாரத்தில் வைத்திருந்தோம்.

போர்ட்டை மூடிக் கடவுச்சொல்லை மாற்றப் பத்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு மூவரும் இரவு வெகுநேரம் பேசினோம். சொல்லத் தேவையில்லை என்பது எங்களில் ஒருவரின் கருத்து. ஆபத்து நீங்கிவிட்டது, யார் பார்த்தார்கள், பார்த்தார்களா என்பதே தெரியாது, சொன்னால் அந்தப் பெண்மணிக்கு உறக்கம் போகும், பிறர் குறையை மறைப்பதும் நன்மைதானே என்றார். மறைக்க வேண்டியது பிறருடைய குறையை, நம்முடையதையன்று என்றார் ஆசிரியை. அந்தக் கூடத்தில் அவர் தலையில் துணியின்றி நடமாடியிருப்பார், மாமியாருக்கு உடம்பு துடைத்துவிட்டிருப்பார். அந்தக் கூடம் அவருடையது. அதில் என்ன நடந்தது என்று அறிய அவருக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு உண்டு? அதற்கு நாங்கள் விடை சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குள் நுழையுமுன் ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும், மூன்று முறை கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று மக்தபில் சிறு வயதிலேயே படித்தவர்கள் நாங்கள். எங்கள் கையால் திறந்துவைத்த வழியே அனுமதி கேட்காதவர்கள் நுழைந்திருந்தார்கள்.

மறுநாள் மஃரிபுக்குப் பிறகு போனோம். தம்பியும் வந்தார், ஆனால் வாசல் திண்ணைக்கு மேல் ஏறவில்லை. ஆசிரியைதான் உள்ளே போய்ச் சொன்னார். நாங்கள் முன்கட்டில் அமர்ந்திருந்தோம், பேச்சு கேட்டது.

"எத்தனை நாளா?"

"நாப்பத்தோரு நாள்."

"யாரு பார்த்தா?"

"தெரியாது லாத்தா. பார்த்தாங்களாங்கறதும் தெரியாது. உள்ள வந்திருக்காங்கங்கறது மட்டும் தெரியுது."

பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூல் ஒன்றை இழுக்கும் சத்தம் வந்தது. அவர் அதன் மேல் ஏறி, கூடத்துக் கேமராவின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாராம். கீழிறங்கி, "அவுகளுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

குவைத்துக்கு நாங்களே அழைத்தோம். அவர் முதலில் கோபப்பட்டது அந்தத் தம்பியின் மேல். அவர் மேல் பிழையில்லை, கற்றுக்கொடுத்த வரிசை எங்களுடையது என்றோம். கொஞ்ச நேரம் எதிர்முனையில் வாகனச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அப்ப எங்க உம்மாவை எப்படிப் பாக்குறது?" என்றார். போர்ட் எதையும் டி.வி.ஆருக்குத் திறந்துவைக்காமல், வி.பி.என். வழியாக அவர் ஒருவர் மட்டும் உள்ளே வருமாறு அமைக்க முடியும். அதனைச் சொன்னோம். உள்ளேயிருந்து மாமியின் பதில் வந்தது: கூடத்துக் கேமரா இனி வேண்டாம், பிள்ளை ராத்திரி ராத்திரி வீடியோ போட்டுப் பெத்தாவைக் காட்டுவாள். அப்படியே ஆயிற்று. கேமராவை நாங்கள் கழற்றினோம். சுவரில் அது இருந்த இடத்தில் இரண்டு துளைகள் இன்னும் உள்ளன.

தம்பி இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது, இனி யார் வீட்டு ரவுட்டரையும் தொடமாட்டேன் என்றார். அவருடைய வாப்பா, "கம்ப்யூட்டர் படிக்கவச்சது வம்பை இழுக்கவா?" என்று எங்களிடமே கேட்டார். அதற்கும் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு வந்தோம். மூன்றாவது வாரம் அவர் வந்தார்; ஏன் மனம் மாறினார் என்று கேட்கவில்லை.

அடுத்த தொகுதிக்குப் பாடவரிசையை மாற்றினோம். இப்போது முதல் நாள் கேபிள் இல்லை. ஓ.எல்.எக்ஸ்.இல் வாங்கிய ஒரு பழைய கேமராவை, ஆலைக் கடவுச்சொல்லோடு, மாடிச் சுவரில் மாட்டி வைத்துவிடுகிறோம். பிள்ளைகள் வந்து பாயில் அமர்வார்கள், சிரிப்பார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்வார்கள். கரும்பலகையில் அந்தக் கேமராவின் முகவரியை மட்டும் எழுதி, இது என்ன என்று கண்டுபிடியுங்கள் என்போம். சில நிமிடங்களில் ஒருவர் அட்மின், அட்மின் என்று போட்டுப் பார்ப்பார். அவருடைய கைப்பேசியில் அவரே, பாயில் குனிந்து அமர்ந்திருக்கும் நிலையில், மேலிருந்து தெரிவார். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்ப்பார். கூடம் முழுதும் அமைதியாகிவிடும். பெண்பிள்ளைகளின் வகுப்பில் கேமராவை முற்றத்துத் துளசிச் செடியின் மேல் திருப்பி வைக்கிறார் ஆசிரியை. ஆள்கள் படத்தில் வருவதில்லை. செடியைக் கண்டதும், "இந்த இடத்துல நாம இருந்திருந்தா?" என்று அவர்களே கேட்டுவிடுகிறார்களாம்.

வீடுகளுக்குப் போகும் முறையும் மாறியது. வீட்டுக்காரரே கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும்; தட்டும்போது பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெத்தாக்கள் உள்ள வீட்டில் பேரப்பிள்ளையை அழைக்க வேண்டும். மாற்றிய அமைப்பையெல்லாம் ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். படம் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. விடைபெறுமுன் அந்த வீட்டு வைஃபையைத் தம் கைப்பேசியிலிருந்து அவர்கள் கண் முன்னாலேயே நீக்கிவிட வேண்டும். இந்தக் கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம். ஒரு மாணவரின் கைப்பேசியில் அவருடைய தெருவின் பதினொரு வீட்டு வைஃபை சேமிக்கப்பட்டிருந்தது. "அவங்களா தந்ததுதானே?" என்றார். வேலைக்காகத் தந்தது அமானிதம் அல்லவா என்று கேட்டதும், முகம் சுளித்தபடியே ஒவ்வொன்றாக நீக்கினார். மறுவாரம் பார்த்தபோது இரண்டு திரும்ப வந்திருந்தன. ஒன்று அவருடைய சாச்சி வீடு என்பதால் விட்டுவிட்டோம்.

அந்த மாமியின் மகள் இப்போது கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறாள். போன மாதம் அவர்கள் வீட்டு ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற சிவப்பு விளக்கு எரிந்தது. ஒளியே வரவில்லை என்பதற்கான அடையாளம் அது. எங்களில் எவரையும் அவர்கள் அழைக்கவில்லை. அவளே சுவரோரம் கம்பியைத் தொடர்ந்து போய், மொட்டைமாடியில் அணில் கடித்த இடத்தைக் கண்டு, அந்த இடத்தைக் குறிப்பிட்டே நிறுவனத்துக்குப் புகார் எழுதியிருக்கிறாள். வந்தவர் நேராக மாடிக்கு ஏறி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்குள் வர வேண்டிய வேலையே இருக்கவில்லை. வகுப்பில் இதனைச் சொல்லிவிட்டு, கிரிம்பிங் டூலை ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். கூடத்துக்கு ஒரு கேபிள் இழுக்கப்போகிறாளாம், பெத்தாவின் கட்டிலருகே வீடியோ தடைபடாமல் இருக்க. எடுத்துப் போயிருக்கிறாள்.

புதிய தொகுதி இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் தொடங்குகிறது. கெடுத்துப் பழகப் பழைய ரவுட்டர்கள் தேவைப்படுகின்றன. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுக்குமுன் அதனை மின்சாரத்தில் மாட்டி, பின்புறம் ரீசெட் என்று எழுதிய சிறு துளைக்குள் ஓர் ஊசியை நுழைத்து, விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும் வரை, ஏறத்தாழப் பத்து விநாடி, அழுத்திப் பிடியுங்கள். உங்கள் வீட்டுக் கடவுச்சொல் அதற்குள் இருக்கிறது.